முப்பதாவது ஆள்

எங்கள் வேலையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விமான நிலையத்தில், வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட் சோதனை முடிந்து வருகிற இடத்தில், தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதைத் தாண்டுகிற ஒவ்வொரு ஆளுக்கும் கையிலிருக்கும் எண்ணும் கருவியை ஒரு தட்டு தட்ட வேண்டும். முப்பதாவது ஆள் யாராக இருந்தாலும் நிறுத்தி, எவ்வளவு காலம் கழித்துத் திரும்பி வருவீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் அவர் நாட்டை விட்டுப் போனவர். குறைவு என்றால் சும்மா பயணி. நாட்டில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று அரசாங்கம் சொல்கிறதே, அந்தக் கணக்கு இப்படித்தான் பிறக்கிறது. சிரிக்காதீர்கள், இதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

என் பக்கத்துக் கோட்டில் நின்றவருக்கு 'எத்தனை மாசம்' என்று பெயர். வைத்தது நாங்கள்தான். பயணிகள் "கொஞ்ச நாள்தான் சார்" என்று நழுவப் பார்ப்பார்கள். விடாக்கண்டன், விடமாட்டார். "கொஞ்ச நாள்னா எத்தனை மாசம்?" என்று பிடித்துக்கொள்வார். ஒருமுறை வயிறும் பிள்ளையுமாக வந்த ஒரு பெண் வெட்கப்பட்டு "ஏழு" என்றாள். மனிதர் அதையும் எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் வேலையில் நெருப்பு. நான் சேர்ந்த புதிதில் முப்பதாவது ஆளாக ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். பாவமே என்று விட்டுவிட்டு அடுத்தவரை நிறுத்தினேன். பக்கத்துக் கோட்டிலிருந்து அவர் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அழறவங்களை எல்லாம் விட்டுட்டா, இந்த நாட்டை விட்டு எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போனாங்கன்னு கணக்கு வரும். பரவாயில்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

அவருடைய ஒரே மகள் எட்டு மாசப் பயிற்சி என்று சொல்லி வெளிநாடு கிளம்பினாள். அன்றைக்கு அவருக்கும் எனக்கும் ஒரே ஷிப்டு. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கமே கையசைத்துவிட்டு நின்றுவிட்டார். மகள் நீலப் பையை மாட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்து வந்தாள். அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

"தள்ளுங்க சார், நான் கேக்கறேன்," என்றேன்.

"என் கோடும்மா."

"என்னப்பா, என்னையுமா?" என்று சிரித்தாள் மகள்.

"நீங்க சொல்றது ரகசியமா இருக்கும். யார்கிட்டயும் போகாது. விருப்பம் இல்லைன்னா பதில் சொல்ல வேண்டாம்," என்று அவர் ஒப்பித்தார். பெற்ற பெண்ணை 'நீங்க' என்கிறாரே என்று எனக்கு வந்ததே கோபம்! ஆனால் அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மாகிட்டயும் போகாதா?"

"யார்கிட்டயும் போகாது."

அவள் கோட்டைப் பார்த்தாள். "திரும்பி வர்ற எண்ணம் இல்லப்பா."

அவர் கேள்வித்தாளின் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தார். "நன்றி. பயணம் நல்லபடியா அமையட்டும்," என்றார். 'ஏன் என்னிடம் சொல்லவில்லை' என்ற கேள்வி எங்கள் தாளில் கிடையாது. அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். இவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ஏதோ ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. எண் இருபத்தொன்பதைத் தொட்டால் கண் தாளுக்குப் போய்விடும். முப்பதாவது ஆள் கிழவராக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். எங்கள் இரண்டு வீடும் ஒரே மாடி. அக்கா தினமும் காலையில் மகளின் அறை ஜன்னலைத் திறப்பார், இருட்டும்முன் மூடுவார். சாப்பாடு போடும்போது, "இன்னும் எத்தனை மாசங்க?" என்பார். ஊரையெல்லாம் கேட்ட கேள்வி அவர் வீட்டிலேயே அவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டு மாசம் முடிந்தது. பயிற்சி நீண்டுவிட்டது என்று போன் வந்தது. பிறகு இன்னொரு முறை நீண்டது. அக்கா நம்பினார். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

எங்கள் தாளில் ஒரு ஆள் சொன்னால் முந்நூறு பேர் சொன்ன மாதிரி. முப்பதில் ஒருவரைத்தான் கேட்கிறோம், அதுவும் பத்து ஷிப்டில் ஒன்றில்தான்; அத்தனை பேரையும் நிறுத்திக் கேட்க முடியுமா? அதனால் அகப்பட்டவர் பதிலைப் பெருக்கிக்கொள்வார்கள். வருஷக் கடைசியில், நாட்டை விட்டுப் போனவர்கள் இத்தனை பேர் என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் அவர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"அதுல முந்நூறு என் பொண்ணும்மா. நீ பக்கத்துல நின்னே, அதனால சொல்றேன். கண்ணை மூடினா முந்நூறு பேரும் வரிசையா போறாங்க. எல்லார் தோள்லயும் நீலப் பை. ஒருத்தி கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா."

"அக்காகிட்ட சொல்லித் தொலைங்க சார்!"

"சத்தியம் பண்ணிட்டு வேலை பாக்கறேன்." இரண்டு படி இறங்கித் திரும்பி, "சொல்லிட்டா அந்த ஜன்னலை யாரும்மா திறப்பா?" என்றார்.

அடுத்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வகுப்பெடுக்க வந்தார். போனவர்களின் பாஸ்போர்ட் பதிவையும் வந்தவர்களின் பதிவையும் கணினியில் சேர்த்துப் பார்த்தார்களாம். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று! சீக்கிரம் வருவேன் என்றவர்கள் பலர் வரவேயில்லை. மனிதன் சொன்னபடி செய்யமாட்டான் என்று கண்டுபிடிக்க இவர்களுக்கு ஒரு கணினி வேண்டியிருந்தது.

"வரவே மாட்டேன்னு போனவங்கள்ல ஆறுல ஒருத்தர் வந்துட்டாங்க," என்றார் அந்த அம்மாள்.

வகுப்பில் வாயே திறக்காத எங்கள் ஆள் எழுந்து நின்றார். "அந்த ஒருத்தர் எப்படிப்பட்டவங்க மேடம்?"

"அது எங்களுக்கும் தெரியலை சார்."

அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். வருகைப் பக்கத்துக்கு மாற்றல் எழுதிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். அங்கே புது விதி. சில விமானங்களில் வருகிற எல்லோரையும், ஒருவர் விடாமல், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டு, பதிவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு வருஷமாவது தங்கினால்தான் திரும்பி வந்தவர். குறைந்தால் சொந்த வீட்டுக்கே வந்தாலும் விருந்தாளிக் கணக்கு.

மகள் வருகிறேன் என்று போன் செய்தாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "வந்துட்டா, இனி எங்க போகப் போறா!" என்று மாடிமாடியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த விமானம் எங்கள் விதிக்குள் வருகிற விமானம். மகள் நேராக அவர் கோட்டுக்கு வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அப்பா கேட்கட்டும் என்று புன்னகையோடு காத்து நின்றாள். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"அந்தப் பக்கம் போம்மா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கேளு."

ஒரு ஆளைக்கூட விடாத மனிதர்! நான் கேட்டேன். அவள் சொன்னாள். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன் என்பதை உங்களிடமும் சொல்லமாட்டேன். பேனா என் கையில் அவ்வளவு கனத்ததில்லை.

அதோடு எங்கள் ஷிப்டு முடிந்தது. மகள் பெட்டிக்காக உள்ளே காத்திருக்க, நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். அக்கா கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எத்தனை நாள் இருப்பாளாம்?"

"நான் கேக்கலை," என்றார் அவர்.

"நீங்களா! ஊர் உலகத்தையே கேக்கற மனுஷன்!" என்று சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீயாவது கேட்டியா?"

"சொல்லக் கூடாதுக்கா."

சிரிப்பு நின்றது. "நல்ல பதிலா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பே." பிறகு மெதுவாக அவரைப் பார்த்தார். "அவ போறப்ப... கேட்டீங்களா?"

"முப்பதாவது ஆள்," என்றார் அவர்.

"ரெண்டு வருஷமாவா? தினமும் என்னை அந்த ஜன்னலைத் திறக்க விட்டுட்டு..." அக்கா அவர் தோளில் ஓங்கிக் குத்தினார். இரண்டாவது குத்துக்கு ஓங்கிய கை அப்படியே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

கதவு திறந்தது. மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அவ முன்னாடி மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. யாரும் அவளை எதுவும் கேக்க வேண்டாம். போய்ப் பெட்டியை வாங்குங்க."

அவர் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.