அலகு நிறையக் கம்பு

கொளஞ்சியம்மாளுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். முப்பது வருஷமாக அடுத்தவர் கொல்லையில் கிளி விரட்டினவளுக்கு வாய் இல்லாமல் எப்படி இருக்கும்? கல்வராயன் மலையடிவாரத்தில் யார் வீட்டுக் கம்பு பால் பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பரண்மேல் ஏறி, தகர டப்பாவில் நாலு தட்டுத் தட்டி ஒரு சத்தம் போட்டாளானால், மேய வந்த கிளிக்கூட்டம் அலறியடித்துக்கொண்டு மலைக்கே திரும்பிவிடும்.

ஐம்பத்திரண்டு வயதில்தான் தனக்கென்று பயிர் வைக்க அவளுக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. நிலம் அதே ஊர் ராஜாங்கம் என்கிறவருடையது. விளைவதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

"ஆடிப்பட்டம் ஒண்ணு போட்டுக் காட்டு கொளஞ்சி. நல்லா வந்தா மாசிக்கும் நீயே போடு. இல்லன்னா மக்காச்சோளம் போடறேன்னு ஒருத்தன் நடையா நடந்துக்கினு இருக்கான், அவனுக்கு வுட்டுடுவேன்" என்றார் அவர்.

உழுதாள், விதைத்தாள், களையெடுத்தாள். கம்பும் ஆள் உயரத்துக்கு வந்து கதிர் தள்ளியது. பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் அதன்மேல்தான். புரட்டாசியில் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் பிரவீன்குமார்.

அவனுக்குக் கள்ளக்குறிச்சியில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவோடு சாயங்காலமானால் பைக்கில் கிளம்பிவிடுவான். சூரியன் மலைமேல் இறங்கும்போது கிளிகள் கூட்டமாகப் பறக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டுமாம். அதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

"அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் தகரம் தட்டாதீங்க. தயவுசெஞ்சு. சூரியன் மலையில படட்டும்."

அந்த 'தயவுசெஞ்சு'வில்தான் அவள் விழுந்தாள். இத்தனை வருஷத்தில் பரண்மேல் இருந்தவளை "ஏய், தூங்கறியா?" என்று கேட்டவர்கள்தான் உண்டு. சரி, போகட்டும், ஐந்து நிமிஷம்தானே என்று குச்சியைக் கீழே வைத்தாள். கிளிகள் இறங்கின. அதது பந்திக்கு வந்த மாதிரி உட்கார்ந்து கதிரைக் கொத்த, அவளுக்கு வயிறு எரிந்தது. எல்லாம் ஒன்றாக எழும்பியபோது பிரவீன்குமார் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாளும் வந்தான். அன்றைக்கு ஃபோகஸ் நிற்கவில்லையாம். அதற்கடுத்த நாள் மேகம். நாலாம் நாள் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்த ஐந்து நிமிஷம் அரைமணி நேரமானது. வயலின் மேற்கு ஓரம் முழுக்கக் கதிரிழந்து வெறும் தட்டையும் தாளுமாக நின்றது. அவனை விரட்ட வேண்டியவள், அவன் கெஞ்சுகிற முகத்தைப் பார்த்து ஒவ்வொரு நாளும் ஏமாந்தாள். அவனைவிடத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஜாஸ்தி.

ஐந்தாம் நாள் பொறுமை போய்விட்டது. "யோவ் தம்பி, நீ இன்னா கிளி கிட்ட சொல்லிட்டு வந்தியா, அது உனுக்காக நின்னு பறக்க? அதோ கரண்டு கம்பியில ஒண்ணு தனியா ஒக்காந்துகினு இருக்குது பாரு. அது கீச்சுனு ஒரு சத்தம் போட்டா கூட்டம் மொத்தமா எழும்பும். அந்த நிமிஷமே அமுக்கித் தொலை. இதான் கடைசி!"

கம்பியில் இருந்த கிளி கத்தியது. பிரவீன்குமார் அமுக்கினான். படம் விழுந்துவிட்டது. குதித்தான், அவள் கையைப் பிடித்துக்கொண்டான், கேமராவின் சின்னத் திரையைக் காட்டினான். சிவப்பு வானம், கறுத்த மலை, கணக்கில்லாத கிளிகள்.

"எப்படிம்மா இருக்கு?"

"வாயில இன்னாது அது?"

அவன் பெரிதாக்கிக் காட்டினான். ஒவ்வொரு கிளியின் அலகிலும் ஒரு துண்டுக் கம்பங்கதிர்.

ஒரு வாரம் அவன் தலையைக் காணோம். தொலைந்தது சனியன் என்று அவள் நிம்மதியாகத் தகரம் தட்டிக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண்ணாடி மாற்ற அவர் போன கடை அதே கடை. சுவரில் அந்தப் படத்தைப் பெரிதாக மாட்டி வைத்திருந்தானாம்.

"ஒரு மூலையில பரண் மேல நீ நிக்கிற. தகர டப்பாவை இடுப்புல இடுக்கிக்கினு வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற! காவ காக்க வேண்டியவளே கிளியை வழியனுப்பறியா? மாசிக்கு நீ வேணாம், போ."

அவள் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. டப்பாவையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினாள்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "இப்பவே வந்து நீதான் தட்ட வேணாம்னு சொன்னேன்னு ராஜாங்கம் ஐயா கிட்ட சொல்லு" என்றாள்.

"கஸ்டமர் இருக்காங்கம்மா. ஒரு அஞ்சு நிமிஷம்."

அவ்வளவுதான். கடை நடுவில் நின்று தட்ட ஆரம்பித்தாள். எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடினார். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். மூன்றாம் நிமிஷம் பிரவீன்குமார் ஷட்டரை இறக்கிவிட்டு அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

ராஜாங்கத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தப்பு என்னுதுங்க. அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கெஞ்சினேங்க."

ராஜாங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அறுக்கறதுக்கு இன்னும் பத்து நாள் இருக்குது. மிச்சம் இருக்கறது கொறையாம இருந்தா பாக்கலாம்."

தெருவுக்கு வந்ததும் பிரவீன்குமார் இழுத்தான். "அம்மா, அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு உங்களுக்கு ஒண்ணு..."

"என் கம்பை வாரிக்கினு போறதை வூட்டுல மாட்டி நான் தெனம் பாக்கணுமா? ஒயுங்கா சாயங்காலம் வந்து மேற்கு ஓரத்துல நின்னு தட்டு. கேமராவைக் கண்ணுல கண்டேன், கெணத்துல போட்டுருவேன்."

வந்தான். பத்து நாளும் வந்தான். முதல் நாள் தட்டத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டு அதற்கும் திட்டு வாங்கினான். பத்தாம் நாள் மத்தியானம் ராஜாங்கம் வயலைச் சுற்றி வந்து, புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாசிக்கும் நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மலை முழுக்கச் சிவந்து கிடந்தது. என்றைக்கும் இல்லாத கூட்டமாகக் கிளிகள் வந்தன. பிரவீன்குமார் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டான்.

"யோவ்! தட்டு!"

தட்டினான். கிளிகள் ஒரு கதிரைக்கூடத் தொடவில்லை. அத்தனையும் வெறும் அலகோடு அப்படியே திரும்பி, அவர்கள் தலைக்குமேல் சூரியனைப் பார்த்துப் பறந்தன. முப்பது வருஷம் விரட்டியவள் அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மாசியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.