மன்மதனின் வலது தோள்

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், எனக்கு மன்மத வேடம் கிடைத்தது. கொஸ்லந்தைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடாத வருஷம் கிடையாது. ஆனால் என்னைப் பார்த்து யாருக்கும் மன்மதன் ஞாபகம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. மூக்கு கொஞ்சம் அதிகம், மார்பு கொஞ்சம் குறைவு. நேர்த்திக்கடன் என்பதால்தான் கூத்து வாத்தியார் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டார். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. காப்புக் கட்டி, விரதமிருந்து, காமன் ஆடினால் பிள்ளை கிடைக்கும் என்பது, லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டுக்காரர்களின் நம்பிக்கை. நேர்ந்துகொண்டவள் என் மனைவி. ஆட வேண்டியவன் நான்.

விரதத்தில் மாமிசம் கூடாது, சாராயம் கூடாது, மனைவி பக்கத்தில் படுக்கக் கூடாது. எண்ணெயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ரதி வேடக்காரரும் நானும் லயம் லயமாகப் போய் ஆடுவோம். வாசலுக்கு வாசல் வடையும் பணியாரமும் வைப்பார்கள். சாமிக்கு வைப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒரு வீட்டில் தின்றுவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் மனத்தாங்கல் வராதா? இப்படி நியாயம் பேசிக்கொண்டு என் பங்கையும் தின்று, ரதி ஒதுக்கியதையும் தின்றேன்.

ஒரு வாரம் போயிருக்கும். வலது தோளின் உச்சியில் வலி வந்தது. வில்லைச் சாத்தி ஆடுகிற அதே இடம். வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. அதை வடைக் கணக்கில் எழுதிவிட்டேன். தோளில் தைலம் தேய்த்தேன், மனைவி உப்பு ஒத்தடம் கொடுத்தாள். கடைசியில், எங்கள் லயத்தில் கால் முன்னே வரப் பிறந்த ஓர் அக்காவிடம் போனேன். அப்படிப் பிறந்தவர்கள் காலால் உதைத்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். அக்காவும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் உதைத்தாள். மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். வாசலில் குப்புறப் போட்டு உதைத்த கதை எந்தப் புராணத்திலும் இல்லை.

வலி கூடியது. கூத்து வாத்தியார் வந்து தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காப்புக் கட்டுனவனுக்கு வில்லு புடிக்கிற தோளு நோவுதுன்னா, விரதத்துல எங்கியோ பிசகுதான்" என்றார்.

அவ்வளவுதான். நான் பதுளைக்குப் போய்க் கடையில் ஆட்டிறைச்சி தின்றுவிட்டு வந்ததாக லயமே முடிவு கட்டிவிட்டது. என் விரதத்தின் சுத்தத்தைப் பற்றி நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலும் பேசினேன், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலும் பேசினேன். என் மனைவி மட்டும் வாயே திறக்கவில்லை. இவளுமா என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குக் கோபம். அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாயிற்று. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வேறொருவன் வில்லை எடுத்துக்கொண்டான். என்னைவிட நன்றாக ஆடினானாம்.

ஆஸ்பத்திரி டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு வயிற்றைத் தொட வந்தார். நான் தோளைக் காட்டினேன். அவர் வயிற்றைத் தொட்டார். வயிற்றில் ஒன்றுமே இல்லை, தோளைப் பாருங்கள் என்று அவருக்கே வைத்தியம் சொல்லிக் கொடுத்தேன். வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தோளில ஒண்டுமில்லை. பித்தப்பையில கல்லு. வீங்கிப் போயிருக்கு, வெட்டித்தான் எடுக்கவேணும். இன்னும் பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து" என்றார்.

வயிற்றுக் கல்லுக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பித்தப்பை வீங்கினால் அதற்கு மேலேயுள்ள தசைத் தகட்டை, மூச்சுவிட உதவுகிற தகட்டை, உறுத்தும். அந்தத் தகட்டின் நரம்பு எங்கெங்கோ சுற்றிக் கழுத்துக்கு ஏறி, அங்கேதான் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குள் நுழைகிறதாம். தோளின் நரம்பும் அதே இடத்தில் நுழைகிறது. உள்ளே போனதும் இரண்டு சேதியும் ஒரே நரம்பணுவில் போய்ச் சேர்ந்துவிடும். தோள் நாள்தோறும் முறைப்பாடு செய்கிற ஆள். உள்ளுறுப்பு எப்போதாவதுதான் வாய் திறக்கும். அதனால் மூளை, இது தோளின் குரல்தான் என்று தீர்த்துவிடுகிறது.

எனக்கு எங்கள் லயம் நினைவுக்கு வந்தது. அங்கே காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகளுக்கு இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் பிள்ளை அழுதால், அடுத்த காம்பராக்காரி தூக்கக் கலக்கத்தில் தன் பிள்ளையை அதட்டுவாள். என் முதுகெலும்புக்குள்ளும் அப்படியொரு லயம் இருப்பது தெரியாமல், ஒரு பாவமும் செய்யாத தோளை உதைபட விட்டிருக்கிறேன். இதை ஒரு பகிடியாக டொக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் கட்டில் ஓரத்தில் நின்ற என் மனைவி கேட்டாள்.

"ஐயா, அப்ப வில்லுல தீட்டுப் பட்டதுனால வந்தது இல்லீங்களா?"

டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஸ்டோரில் இருந்த ஒரு நாள், அவள் வீட்டுக்குத் தூரம் என்று பக்கத்துக் காம்பராவில் ஒதுங்கியிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூரை ஒழுகும் சத்தம் சுவருக்கு மேலால் கேட்டது. வில் நனைந்துவிடுமே என்று ஓடிப்போய் எடுத்து, உலர்ந்த பக்கம் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். தொடக் கூடாத நாள். அந்த மாதமும் பிள்ளை இல்லை என்று தெரிந்த நாளும் அதுதான். மறு வாரம் என் தோள் வலிக்கத் தொடங்கியது. பிள்ளையும் இல்லை, இப்போது புருஷனையும் தானே கொன்றுவிடப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அத்தனை நாளும் அவள் எனக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள்.

டொக்டர் சிரிக்கவில்லை.

"இல்லையம்மா. இந்தக் கல்லு கனகாலமா உள்ளுக்குள்ள கிடந்திருக்கு. உங்களால வந்தது இல்லை" என்றார்.

அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. வார்டு முழுக்க ஆட்கள் என்று பிடிக்காமல் இருந்தேன். பிறகு யார் பார்த்தால் என்ன என்று பிடித்துக்கொண்டேன்.

"பசிக்குதுங்க" என்றாள்.

தோள் வலி தொடங்கியதிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி வாசல் கடைக்குப் போய்ப் பணிஸ் வாங்கி வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் தின்றாள். எனக்கு ஒரு வாய் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவ்வளவு பசி.