கண்ணாடிக் கெளுத்திக்குத் தவிடு

கெளுத்தி என்றால் எனக்குத் தெரியாதா? குத்தாலத்துப் பக்கம் வாய்க்காலில் கைவிட்டு மீன் பிடித்து வளர்ந்தவன் நான். வழுவழுவென்று இருக்கும். முள் குத்தினால் கை விண்விண்ணென்று கடுக்கும். புளியைத் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தால் சோறு கூடுதலாக இறங்கும். அப்படிப்பட்டவனிடம் என் மகள் கூடத்திலிருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டி, "இதுவும் கெளுத்திதாம்ப்பா" என்றாள். தொட்டிக்குள் தண்ணீரையும் ஒரு செடியையும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எங்கம்மா இருக்கு?"

"உங்க கண்ணுக்கு நேராத்தான் நிக்குது. ஆறு இருக்குப்பா."

மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். முதலில் இரண்டு மீசை தெரிந்தது. அப்புறம் ஒரு கண். அதற்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் சின்னப் பை; குடல், ஈரல் எல்லாம் அதற்குள்தானாம். அங்கிருந்து வால்வரை நடுமுள்ளும், சீப்புப் பல் மாதிரி சிறுமுள்ளும்தான். சதை இருக்கிறது என்கிறாள், ஆனால் சதைக்குள்ளே பின்னாலிருக்கும் செடி தெரிகிறது. செதில் கிடையவே கிடையாது. தாய்லாந்துப் பக்கத்து ஆறுகளில் இருக்கிற சாதியாம். எண்ணினால் நாலு வந்தது. மறுபடி எண்ணினால் ஏழு. ஏழாவது காற்றுக்குமிழி. அட போங்கப்பா என்று எழுந்துவிட்டேன்.

அவள் அப்போது சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம். "போறதுன்னா போ. அப்புறம் எங்கிட்ட பேசாத" என்று வாயை விட்டுவிட்டேன். முன்கோபக்காரன், வேறென்ன சொல்ல. அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கிளம்புகிற அன்று மீன்களை மட்டும் என் பொறுப்பில் விட்டாள்.

"ஆறும் சேந்தே இருக்கணும். தனியா விட்டா பயந்துபோய்ச் சாப்பிடாது. இந்தத் தீனியில ஒரு சிட்டிகை போட்டாப் போதும்ப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கால் வரும். அம்மாவிடம் அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவாள். பிறகு போன் என் கைக்கு வரும். "மீன் சாப்பிட்டுச்சா?" "சாப்பிட்டுச்சு." "ஆறும் இருக்கா?" "இருக்கு." அவ்வளவுதான். நான் சாப்பிட்டேனா, குறுவை எப்படி இருக்கிறது, ஒரு வார்த்தை கிடையாது. நானும் வீம்புக்கு எதையும் கேட்கமாட்டேன். ஆனால் அந்த இரண்டு கேள்விக்காக வாரம் முழுக்கத் தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மீனும் போய்விட்டால் எங்களுக்குள் அந்தப் பேச்சும் போய்விடும் என்று பயமாக இருந்தது.

"காலித் தொட்டிக்கு லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்காரு மனுஷன்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கோ அதுகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு சிட்டிகைத் தீனியில் எது சதை பிடிக்கும்? எங்கள் குட்டையில் கெண்டைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து போடுவோம். தண்ணீர் கலங்கினால் மீன் நன்றாக வளரும் என்பது எங்கள் பழக்கம். அதையே இதற்கும் இரண்டு வேளை போட்டேன். மூன்றாம் நாள், கலங்கிய தண்ணீரில் ஒரு மீன் பளிச்சென்று கண்ணில் பட்டது. உடம்பு பாலாக வெளுத்திருந்தது. உள்ளே முள் தெரியவில்லை.

"இங்க வந்து பாரேன், சதை பிடிச்சிருச்சு!"

"ஆமாங்க, இப்பத்தான் மீனு மாதிரி இருக்கு" என்றாள் அவளும்.

மறுநாள் இன்னும் இரண்டு வெளுத்தன. ஒன்று ஒருக்களித்துச் சாய்ந்து நின்றது. தின்ற மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காட்டி அசத்திவிட வேண்டும் என்று ஒரே குதூகலம். சனிக்கிழமை காலை ஆறும் வெள்ளைவெளேரென்று தெரிந்தன. அன்றுதான் முதல்தடவையாகச் சரியாக எண்ணினேன். ஆறும் மல்லாந்து மிதந்தன.

ஒன்றை டப்பாவில் எடுத்துக்கொண்டு மயிலாடுதுறையில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்கு ஓடினேன்.

"உள்ள முள்ளு தெரிஞ்சாத்தாங்க அது நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார் கடைக்காரர். "சீக்கு வந்தாலோ செத்தாலோதான் இப்பிடி வெளுக்கும். தண்ணி கெட்டா இது தாங்காதுங்க." வேறு ஆறு மீன் கேட்டேன். இப்போது வரத்து இல்லை என்றார். வீடு வருகிறவரைக்கும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணுக்குத் தெரியாதபோது நன்றாக இருந்ததாம், தெரிந்தபோது செத்துக்கொண்டிருந்ததாம். என்ன உலகமோ, எனக்குப் புரியவில்லை.

முருங்கை மரத்தடியில் ஆறையும் புதைத்தேன். தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீர் விட்டு, லைட்டைப் போட்டேன். பார்ப்பதற்கு முன்பிருந்த மாதிரியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் என் கைக்கு வந்தது.

"மீனைக் காட்டுங்கப்பா, பாக்கணும்போல இருக்கு."

போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். "செடிக்குப் பக்கத்துல பாரு. நிக்குது" என்றேன். எனக்கே அது என் குரல் மாதிரி இல்லை.



"தெரியுதுப்பா" என்றாள். "ஆறும் தெரியுது."

மனைவியைப் பார்த்தேன். 'நான் ஒண்ணும் சொல்லல' என்று தலையை ஆட்டினாள். காலித் தொட்டியில் மகள் எதை எண்ணினாள்? குமிழியையா? இல்லை, என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாளா? நான் திகைத்து நிற்கும்போதே போனில் அவள் குரல் மறுபடி வந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?"