வாலைப் பார்க்காமல் சொன்ன பதில்

இன்று காலை ஒரு தாயிடம் பொய் சொல்லிவிட்டேன். தெரியாமல்தான்!

கேட்டைச் சாத்தப் போனபோது எங்கள் குவார்ட்டர்ஸ் வேலியோரம் ஓர் ஆட்டுக்குட்டி தனியாக நின்றது.

கொல்லைப்பக்கம் கட்டி, பசும்பால் கொடுத்தேன். கொஞ்சம் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டது.

சற்று நேரத்தில் ஓர் அம்மா வாசலில் நின்றார்.

"ஏங்க, செம்மறிக் குட்டி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சாங்க? வடக்குத்து ஊர்லேந்து தேடிக்கினு வரேன்."

"செம்மறியா? இல்லீங்களே!"

என் கொல்லையில் இருப்பது வெள்ளாடு என்று அவ்வளவு உறுதி எனக்கு. (செம்மறி என்றால் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைபோல் பஞ்சுபஞ்சாக இருக்கும் என்று நினைத்த ஆள் நான்!)

அவர் வெயிலில் நடந்து போய்விட்டார்.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் குட்டியைப் பார்த்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர்.

"ஏது இந்தச் செம்மறிக் குட்டி?"

"வெள்ளாடுங்க. ரோமமே இல்லையே!"

"நம்ம ஊர்ச் செம்மறிக்கு ஏது பஞ்சு ரோமம்? வாலைப் பாரு. தொங்குதுல்ல? வெள்ளாடுன்னா தூக்கிக்கிட்டு நிக்கும். மேலுதட்டைப் பாரு, நடுவுல கோடு மாதிரி பிளவு."

அப்படியானால் அந்த அம்மா தேடி வந்தது இந்தக் குட்டியைத்தான்!

நான்கு மாத மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன்.

வடக்குத்தில் யாரையும் விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. தாய் ஆட்டின் கத்தல் ரோடு வரைக்கும் கேட்டது.

அந்த அம்மா என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல கேட்டனே. இல்லன்னியேம்மா?"

"வெள்ளாடுன்னு நெனச்சுட்டேங்க. எனக்கு வித்தியாசம் தெரியல. மன்னிச்சிடுங்க."

"பாலு கட்டிக்கினு, தண்ணி கூடக் குடிக்காம கத்திக்கினே கெடக்குது பாரு."

குட்டியை இறக்கிவிட்டேன்.

தாய் அதன் பின்பக்கத்தை ஒருமுறை முகர்ந்தது. அவ்வளவுதான், கத்தல் நின்றது. குட்டி மடியை முட்டி முட்டிக் குடிக்க, அந்தச் சின்ன வால் நிற்காமல் ஆடியது.

பார்த்துக்கொண்டே நின்றேன். என் ஜாக்கெட் நனைவது எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மா பார்த்துவிட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போர்த்தினார்.

"பச்ச ஒடம்புக்காரியா நீ? புள்ளைய எங்க வுட்ட?"

"பக்கத்து வூட்ல..."

"அப்ப இங்க நின்னுக்கினு என்னா பண்ற? போம்மா. அதுவும் கத்திக்கினு இருக்கும்."

துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

(போட்டோ கேட்காதீர்கள். என் போனில் கேமரா கிடையாது!)