கிரேக்கத்துத் தயிர்ப் பச்சடி

என் கணவருக்குத் தொண்டையில் கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நாக்கில் ருசி செத்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். திங்கட்கிழமை எடை பார்க்கும்போது இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. ‘நோய்க்கும் பார், பேய்க்கும் பார்’ என்பார்கள். நான் இரண்டும் பார்த்து முடித்து, எதுவும் உறைக்காமல் இருந்தேன். பயம்கூட வரவில்லை. வேலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

குர்கானில் இருக்கும் மகள்தான் போனில் அந்தக் கிரேக்கத்துப் பச்சடியைச் சொன்னாள். பெயர் ஸாட்ஸிகியாம்.

“அம்மா, தயிரை வடிகட்டி கெட்டியா எடுத்துக்கோ. கீராவைத் துருவி, உப்பு போட்டு, பத்து நிமிஷம் கழிச்சுப் பிழிஞ்சிடு. டில் இலை கொஞ்சம். பூண்டு வேண்டாம், அப்பாவுக்கு எரியும். அப்புறம், கடுகு தாளிக்காத. அச்சா?”

“நான் எங்கடி தாளிச்சேன்?”

“தாளிப்ப. பாஸ்தாவுக்கே தாளிச்ச ஆளு நீ.”

அந்த டில்லை நாம் சதகுப்பை என்போம். கீழே வந்த காய்கறி வண்டிக்காரர் அதை ‘சோயா’ என்றார். இத்தனை வருஷம் தில்லியில் இருந்தும், உருண்டை உருண்டையாக வேகவைப்போமே, அந்தச் சோயா என்றுதான் நினைத்தேன். “அது இல்லை பையா, கீரை” என்று தமிழ் வந்துவிட்டது வாயில். அவர் அதை இந்திக் கீரா என்று காதில் வாங்கி வெள்ளரிக்காயை நீட்டினார். வேறொரு நாளாயிருந்தால் இதை நாலு வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று இரண்டையும் வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

தயிரை அவருடைய பழைய வேட்டித் துணியில் கட்டி, பாத்திரம் கழுவும் குழாயில் தொங்கவிட்டேன். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழுந்து வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்தேன், தயிரோடு கலந்தேன், கீரையைக் கிள்ளிப் போட்டேன். கை தானாகக் கடுகு டப்பாவை எடுத்தது. திரும்ப வைத்தேன்.

“என்ன இது?” என்றார், கிசுகிசுப்பாக. குரலும் பாதிதான் திரும்பியிருந்தது.

“ஸாட்ஸிகி.”

“பேர் சொல்றியா, தும்முறியா?”

ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணை மூடி விழுங்கினார். அடுத்தது. அதற்கடுத்தது. கிண்ணம் காலியாகிவிட்டது. ஆயுள் முழுக்க அரசாங்க ஃபைல்களோடு இருந்து ரிட்டயரானவர் இல்லையா, “மூக்குக் குழாய் ஃபைலை க்ளோஸ் பண்ணிடலாம். உப்பு கச்சிதம். இன்னும் கொஞ்சம் கொண்டா” என்றார்.

அடுக்களைக்கு வந்து கரண்டியை நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை.

எங்கள் வீட்டில் தயிர்ப் பச்சடிக்கு உப்பு பரிமாறும்போதுதான். முன்னாலேயே போட்டால் நீர்த்துப் போகும். மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று கை உப்பை விட்டுவிட்டிருக்கிறது. கடைசியில் நான் மறந்திருக்கிறேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அவருக்கு அது கச்சிதம். அப்படியானால் ருசி வரவில்லை. எனக்காகச் சொன்னாரா, உப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டாரா என்று கேட்கத் தெம்பில்லை.

உப்பு ஜாடியைத் திறந்தேன். போட்டு, வாய்ப்புண்ணில் எரிந்து, கிண்ணத்தைத் தள்ளிவிட்டால்? மூடினேன். இருந்ததை வழித்து அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டார்.

மகள் மறுபடி கூப்பிட்டாள். “சாப்பிட்டாரா? டேஸ்ட் தெரிஞ்சுதாமா?”

“ரெண்டு கிண்ணம் சாப்பிட்டார்” என்றேன்.