முதலில் சட்டையைத் தூக்கியவன்

கனடாவில், பிறம்ரனில் இரண்டு களஞ்சியங்கள், பனியிலும் நிற்காமல் ஓடும் லொறிகள், பிக்கரிங்கில் கண்ணாடி அறையோடு ஒரு வீடு. எல்லாம் நான் உண்டாக்கியவை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு வங்கி கடன் தராது என்றார்கள், தந்தது. போன கிழமை ஊர்ச்சங்கக் கூட்டத்தில் பள்ளிக்கூடங்களில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் படித்தவர்கள் வாதாடினார்கள்: ஆசிரியர் கையில் துவக்குக் கொடுப்பதா, பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிப்பதா? வகுப்புக்குள் துவக்கையும் வீட்டுப் படிப்பையும் கண்ட என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டோர்செட் பார்க் மாடிக் கட்டடமொன்றில் குடியேறிய முதல் குளிர்காலம். எனக்குப் பதினொரு வயது. வகுப்புக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். வீதியைக் கடக்கும் முறையைச் சொல்லித்தர வந்தாராம். அது பிறகுதான் தெரியும். நான் கண்டது அவர் இடுப்பில் இருந்த துவக்கை மட்டும். எழும்பிப் போய்ச் சுவரோடு நின்று, முதுகைக் காட்டி, சட்டையை நெஞ்சுவரை தூக்கினேன். ஊரில் இராணுவச் சோதனைச்சாவடி வரிசையில், உடம்பில் குண்டு கட்டவில்லை என்று காட்ட நானே முதலில் தூக்குவேன். அதில் நான் கெட்டிக்காரன்.

வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். ஆசிரியை ஓடிவந்து என் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, அதைப் பிடித்தபடியே முழங்காலில் இருந்தார்.

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் கணக்குச் சொல்லித்தந்தார். வீட்டுப் படிப்பைக் குறைசொல்ல மாட்டேன்; இன்றும் என் கணக்காளரைவிட நான் வேகமாகப் பெருக்குவேன். ஆனால் ஜன்னலுக்குக் கீழே மற்றப் பிள்ளைகள் பனியில் உருளும்போது பெருக்குவது பெரிய தண்டனை. எனக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும் போலிருந்தது. அதை அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை.

ஒரு பின்னேரம் ஆசிரியை எங்கள் வீட்டுக்கே வந்தார். சித்தப்பாதான் மொழிபெயர்ப்பாளர்.

“துவக்கு வாற இடத்துக்கு என்ரை பிள்ளையை விடமாட்டன் எண்டு சொல்லு,” என்றார் அப்பா.

“அண்ணை, ரீச்சரிட்டையும் ஒண்டைக் குடுத்தால் பிரச்சினை முடிஞ்சுது,” என்று சித்தப்பா பகிடி விட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. “அங்கை எல்லாரிட்டையும்தானே இருந்தது. எங்கடை பள்ளிக்கூடத்துக்குக் கூரை மிஞ்சினதோ? இதையும் சொல்லு.”

சித்தப்பா சொன்னார். ஆசிரியை தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, இனித் தன் வகுப்புக்குள் துவக்கு வராது என்றார்.

“என்னெண்டு நம்புறது?”

“அண்ணை, ரீச்சர் அழுறா. விடுங்கோ.”

அப்பா விட்டார். திங்கட்கிழமை நான் போனேன். அதே பொலிஸ்காரர் மறுபடி வந்தபோது சாதாரணக் கம்பளிச்சட்டை அணிந்திருந்தார், இடுப்பில் ஒன்றுமில்லை. அதுவே அந்தப் பள்ளியின் வழக்கமாயிற்று.

என் பெனியன் கிழிந்திருந்தது ஆசிரியைக்கு வெட்கம், அதுதான் மூடினார் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். என் மகனுக்குப் பதினொரு வயதானபோது, ஒரு காலை அவன் சட்டையைச் சரிசெய்துவிட்டு, அதை விடமுடியாமல் நானும் முழங்காலில் இருந்துவிட்டேன். அவர் மூடியது வெட்கத்தில் அல்ல என்று அன்றுதான் விளங்கியது.

ஆசிரியை ஓய்வுபெற்றபோது, அந்த வழக்கத்தைத் தொடக்கியவர் என்று அவர் பெயரைப் பள்ளிச் சுவரில் பதித்தார்கள். பதிக்கட்டும், நானும் கைதட்டினேன். ஆனால் அதன் கீழே என் பெயரும் வரவேண்டும். முதலில் சட்டையைத் தூக்கியவன் நான்.