அக்கா விற்க மறுத்த கார்

அக்காவுக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். விருந்துக்குப் போன வீட்டிலும், சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டுத்தான் காபியைத் தொடுவார். அவர் மறைந்து ஓராண்டாகிறது. இப்போது அந்த வியாதி தம்பியான என்னைப் பிடித்திருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் பலமுறை எழுந்து வாசல்வரை போய்வந்துவிட்டேன்.

நசரத்பேட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். நிலம் கைமாறிப்போன காலத்தில் படிப்பை நிறுத்தி, தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய் எங்களைப் படிக்கவைத்தார். ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்த அத்தானை மணந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார். அத்தான் ஓய்வுபெற்றதும் அம்பத்தூருக்கு வந்தார்கள். அங்கேதான் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலதுபக்கம் முழுதும் செயலிழந்தது.

கைகால் அசைவை மீட்கும் பயிற்சிக்கு அண்ணா நகர் போகவேண்டும். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒருமுறை விழுந்த அத்தான், அதன்பின் ஆட்டோ என்றாலே மறுத்துவிட்டார். அத்தானின் பழைய கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அக்கா ஐம்பது வயதைத் தாண்டி ஓட்டக் கற்றார். அத்தான் ஊன்றுகோலோடு நாலடி வைக்கத் தொடங்கிய நேரத்தில், பாடி மேம்பாலம் ஏறும்போது கார் உதறி நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, இறங்க முடியாத அத்தான் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இழுத்துப்போன இடத்தில் மெக்கானிக் இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கம்ப்ரஷன் இல்லை, அதாவது உள்ளே அழுத்தம் இல்லை, இஞ்சின் தேய்ந்துவிட்டது, காயலான் கடையில் போடுங்கள் என்றார். பெங்களூரிலிருந்து அக்கா மகனும் விற்கச் சொன்னான். நானும் அதையேதான் சொன்னேன். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பயிற்சி நின்றது. அக்கா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"கம்ப்ரஷன் எங்க போச்சுன்னு பாக்காமலே போச்சுன்னா எப்டிடா ஒத்துக்கறது?" என்று என்னிடம் கேட்டார்.

காரைக் கொரட்டூரில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் பாபுவும் முதலில் தயங்கினார். பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தமானியைப் பொருத்தினார். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, சாவியைத் திருப்பியது அக்காதான். ஓரத்து இரண்டிலும் ஊசி நன்றாக ஏறியது. நடு இரண்டிலும் பாதியிலேயே நின்றுவிட்டது.

பாபு அந்த இரண்டிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து ஊசி உயருமாம். உயர்ந்தால் முதல் மெக்கானிக் சொன்னதுதான் சரி. அக்கா மறுபடி சாவியைத் திருப்பினார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஊசி ஏறக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

ஏறவில்லை.

"ரிங்கு நல்லாதான்கீதுக்கா. பக்கத்துப் பக்கத்துல ரெண்டும் வுட்டுகினு கீது பாரு, நடுவுல ஹெட் கேஸ்கட்டு பூட்சின்னு நெனைக்கிறேன். தொறந்து பாத்துட்லாம்."

திறந்தபோது, இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே, ஹெட் என்ற இஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் தகடு கருகி அறுந்திருந்தது. புதியது போட்டு, ஹெட்டைச் சமன்செய்து மாட்டினார்கள். அந்த நாள்களில் அக்கா பட்டறை வாசலிலேயே நின்றார். கார் வந்ததும் வீட்டுக்குள்கூட நுழையாமல், வாசலில் காத்திருந்த அத்தானை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார். வண்டி உதறாமல் ஏறியது. பயிற்சி தொடர்ந்தது. சில மாதங்களில் அத்தான் ஊன்றுகோலோடு தெருமுனைவரை போய் பால் வாங்கிவந்தார்.

பிறகு அக்காவின் வயிற்றில் கட்டி கண்டுபிடித்தார்கள். மருத்துவமனைப் படுக்கையிலும் புரண்டுகொண்டே இருந்தார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் காரணம் கேட்டார். கடைசி வாரத்தில் கேள்விகள் நின்றுபோயின. அத்தானின் வலது கையைப் பிடித்து, "நடக்கறத மட்டும் உட்றாதீங்க" என்றார்.

அக்காவைத் தூங்கவைக்க இரவெல்லாம் கால் அமுக்கிய செவிலியர்களுக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த பழைய குவார்ட்டர்ஸ் சிநேகிதிகளுக்கும், கொரட்டூர் பாபுவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இறுதி ஊர்வலத்தன்று வெயிலைப் பார்த்து, மயான வாசலில் அத்தானுக்காக நாற்காலி கொண்டுவந்து போட்ட உறவினர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

அத்தான் அதில் உட்காரவில்லை. உள்ளே வரை நடந்தே வந்தார்.